கேபி என்று எழுதியிருந்த பிளாஸ்க்

எங்கள் பல்கலைக்கழகத்தில் புற்றுநோய் உயிரியல் ஆய்வாளர்கள் வருடத்துக்கு ஒருமுறை கூடுவோம். இரண்டு நாள். முனைவர் பட்ட மாணவர்கள் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் பேசுவார்கள். மதியம் வராந்தாவில் ஆய்வு முடிவுகளை ஒட்டிய போஸ்டர்கள். நான் மூன்றாம் ஆண்டு மாணவியாக இருந்தபோது அந்த வராந்தாவில் கேட்ட ஒரு கேள்வி இன்றுவரை என்னோடு வருகிறது.

என் ஆய்வு வாய்ப் புற்றுநோய் பற்றியது. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. வெற்றிலைப் பெட்டி இல்லாத வீடே இல்லாத தெருவில் வளர்ந்தவள் நான். சித்தப்பாவுக்குத் தாடையில் அறுவை சிகிச்சை நடந்த வருடம்தான் இந்தத் துறைக்கு வந்தேன்.

வேலைக்கு எடுத்துக்கொண்டது ஆய்வகங்களில் வளர்க்கும் கேபி செல்கள். வாயின் அடித்தளத்தில் வந்த புற்றிலிருந்து 1950களில் எடுத்தவை என்று படித்திருந்தேன். தெரிந்த ஆய்வகத்திலிருந்து, செல் வளர்க்கும் பிளாஸ்க் ஒன்று வாங்கி வந்தேன். நன்றாக வளர்ந்தன. தொந்தரவு கொடுத்தது பி53 மட்டும்தான். டிஎன்ஏ சேதமானால் செல் பிரிவதை நிறுத்திவைக்கும் புரதம் அது. மருந்து கொடுத்தால் அளவு கூட வேண்டும், கூடவில்லை. பி53-ஐக் கண்டுபிடித்துக் காட்டும் ஆன்டிபாடியை இரண்டு முறை மாற்றினேன். ராத்திரி பதினொரு மணிக்கு ஃபிலிமை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, அந்தச் சாம்பல் கோடு புரதம் இருப்பதைக் காட்டும் பேண்டா, வெறும் கறையா என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். எட்டு மாதம் இப்படிப் போனது. போஸ்டரில் அந்தப் படத்தைப் போடவில்லை. நன்றாக வந்த படங்களை மட்டும் ஒட்டினேன்.

வெளியூரிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர் போஸ்டரை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

“பி53 பார்க்கலையாம்மா?”

“பார்த்தேன் மேடம். சரியா வரல.”

“கேபி செல்லா? எஸ்டிஆர் பண்ணிப் பார்த்தீங்களா?”

செல் யாருடையது என்று டிஎன்ஏவை வைத்து அடையாளம் காணும் சோதனை அது. நான் செய்திருக்கவில்லை. நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் எழுதிக்காட்டியபடியே அவர் சொன்னார். 1951-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுத்தவை ஹீலா செல்கள். வேறு பிளாஸ்க்கில் ஒரு துளி விழுந்தாலும் போதும், அங்கிருந்த செல்களை முந்தி வளர்ந்துவிடும். 1966-ல் பென்சில்வேனியாவில் நடந்த ஒரு கூட்டத்தில் ஸ்டான்லி கார்ட்லர் எழுந்து, வெவ்வேறு நோயாளிகளுடையவை என்று நம்பியிருந்த 18 செல் லைன்களிலும், அதாவது ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்த்துவரும் செல் வகைகளிலும், ஹீலாவில் இருக்கும் அதே வகை நொதி இருக்கிறது, அவை ஹீலாவாகவே இருக்க வேண்டும் என்றார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் அந்த செல்களை நம்பி வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள். கேபியும் ஹீலாதான் என்பது பின்னால் உறுதியானது.

கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்கும் எச்பிவி 18 வைரஸின் மரபணுக்கள் ஹீலாவுக்குள் இருக்கின்றன. அந்த வைரஸின் ஈ6 புரதம் பி53-ஐச் சிதைத்துவிடும். எட்டு மாதம் நான் திட்டித் தீர்த்த ஆன்டிபாடி சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

எஸ்டிஆர் முடிவு வந்தது. ஹீலா. கைடிடம் காகிதத்தை நீட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், “சரிம்மா, முதல்லேர்ந்து ஆரம்பிப்போம்” என்றார். அன்று விடுதிக்குப் போய் அழுதேன். என் எட்டு மாதத்தை விட, கேபியை வாய்ப் புற்று என்று நம்பி எத்தனை பேர் மருந்து தேடிக்கொண்டிருக்கிறார்களோ என்ற நினைப்புதான் அதிகம் உறுத்தியது.

அடுத்த வருடக் கூட்டத்தில் அந்த மங்கலான பேண்டையும் எஸ்டிஆர் முடிவையும் போஸ்டரின் நடுவில் ஒட்டினேன். இப்போது கூட்டத்தை ஏற்பாடு செய்யும் குழுவில் நானும் இருக்கிறேன். உரைகளில் இரண்டைக் குறைத்து, போஸ்டர் நேரத்தை ஒரு மணியிலிருந்து மூன்று மணியாக்கச் சொல்லிச் சண்டை போட்டேன். சரிவராத முடிவுகளைக் கொண்டுவாருங்கள் என்று அழைப்பிதழிலேயே அச்சிடுகிறோம். முதலில் யாரும் கொண்டுவரவில்லை. போன முறை நான்கு வந்தன.

அந்தக் கூட்டம் முடிந்த இரவு ஒரு மாணவி ஃபோன் செய்தாள். “அக்கா, எங்க ஃபிரீசர்லயும் கேபின்னு எழுதின குப்பி ஆறு இருக்கு. சார்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

மறுநாள் காலை அவளோடு நானும் போனேன்.