மண்டாய்க்குப் போனால் காலை எட்டரைக்கே போங்கள்

மண்டாயில் உள்ள சிங்கப்பூர் விலங்கியல் தோட்டத்துக்குப் போய்வந்த குடும்பங்களில் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "புலி தூங்கிக்கிட்டு இருந்துச்சு, காண்டாமிருகம் படுத்தே கிடந்துச்சு, வெயில்தான் மிச்சம்." எத்தனை மணிக்கு உள்ளே போனீர்கள் என்று கேட்டால், பதினொன்று என்பார்கள். ஹோட்டலில் நிதானமாகச் சாப்பிட்டு, குளித்து, கிளம்பி வந்திருப்பார்கள்.

சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒரு பாகை தூரத்தில் இருக்கிறது. மாதம் எதுவானாலும் பகலில் 31, 32 டிகிரி. காற்றில் ஈரமோ அதற்கு மேல். பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை உடம்பெல்லாம் ரோமம் உள்ள எந்த விலங்கும் வேலையில்லாமல் நகராது. நகர்ந்தால் உடல் சூடு ஏறும், அவ்வளவுதான். அதனால் அங்கே ஒரு நாளைத் திட்டமிடும்போது வரைபடத்தை வைத்துக்கொண்டு இடமிருந்து வலமாகச் சுற்றுவது வீண். எந்த விலங்கு எந்த நேரத்தில் விழித்திருக்கும் என்பதை வைத்துத்தான் வழியைப் போட வேண்டும்.

கதவு 8:30க்குத் திறக்கிறது, 6 மணிக்கு மூடுகிறது. கடைசி நுழைவு 5 மணி. சீட்டை இணையத்தில் முன்பே வாங்கிவிடுங்கள். 3 வயதுக்குக் கீழே இலவசம், 3 முதல் 12 வரை சிறுவர் கட்டணம். ரயிலில் போவதானால் சிவப்புத் தடத்தில் காத்திப் நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்து மண்டாய்க்கென்றே தனிப் பேருந்து ஓடுகிறது. கால் மணி நேரம்தான். அட்டையைத் தட்டித்தான் ஏற வேண்டும், சில்லறை எடுபடாது. அங் மோ கியோவிலிருந்து 138ஆம் எண் பேருந்தும் வருகிறது. வீட்டுப் பெரியவர்கள் சுத்த சைவம் என்றால் காலைப் பலகாரத்தை வெளியிலேயே முடித்துக்கொள்வது நல்லது. சீனச் சைவக் கடையில் சாப்பிடுவதானால் முட்டை சேர்த்திருக்கிறார்களா என்று தனியாகக் கேளுங்கள்; பலகையில் சைவம் என்று இருந்தால் மட்டும் போதாது.

உள்ளே நுழைந்ததும் முதலில் ஒராங் ஊத்தான். 1973இல் மேல் சிலேத்தார் நீர்த்தேக்கக் கரையில் இந்தத் தோட்டம் திறந்த நாளிலிருந்து கூண்டுக் கம்பிகளுக்குப் பதிலாக அகழி, தண்ணீர், செடிகொடி இவற்றையே தடுப்பாக வைப்பதுதான் இவர்கள் பாணி. அதை முழுதாகப் பார்க்க ஒராங் ஊத்தான் இடம்தான் சரி. தலைக்கு மேலே கயிறும் கிளையுமாக அவை போய்க்கொண்டிருக்கும். ஏன் தப்பிப் போவதில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். நீச்சல் தெரியாது, தரையில் இறங்கி நெடுந்தூரம் நடக்கும் பழக்கமும் குறைவு. சாப்பாடும் துணையும் இங்கேயே இருக்கிறது. காலையில் பராமரிப்பாளர்கள் உணவு வைக்கும் நேரத்தில் அவை கீழ்க் கிளைகளுக்கு வரும். வெயில் ஏறிய பிறகு இலைக்குள் ஒரு செம்பட்டை முதுகு தெரிந்தால் அதிர்ஷ்டம்.

இங்கே புகழ்பெற்றது ஆ மெங் என்ற சுமத்ரா ஒராங் ஊத்தான். ஒரு வீட்டில் சட்டவிரோதமாக வளர்க்கப்பட்டு 1971இல் மீட்கப்பட்டது. அதோடு உட்கார்ந்து காலை உணவு சாப்பிட உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். 2008இல் இறந்துபோனது. அதன் பெயரில் உள்ள உணவகத்தில் இன்றும் விலங்குகளைப் பார்த்தபடி காலை உணவு உண்டு, தனிக் கட்டணம். ஆனால் தோளில் கை போட்டுப் படம் எடுக்கும் கதையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். நம் சளியும் இருமலும் அவற்றுக்கு அப்படியே ஒட்டிக்கொள்ளும்; குழந்தைக்கு மூக்கொழுகினால் குரங்கினங்கள் பக்கம் தள்ளியே நில்லுங்கள். காசு கணக்குப் பார்ப்பவர்களுக்கு: அந்த உணவு மேசையில் ஒன்றரை மணி நேரம் கழிப்பதைவிட, அந்தக் குளிர்ந்த நேரத்தில் நடப்பது லாபம்.

பக்கத்திலேயே போர்னியோவின் நீள்மூக்குக் குரங்கு இருக்கிறது. பானை வயிறும் தொங்கும் மூக்கும் பார்த்தால் சிரிப்பு வரும், ஆனால் வயிறுதான் விஷயம். ஆடு மாடு போல இதற்கும் வயிறு அறைகளாகப் பிரிந்திருக்கிறது. இலையை நுண்ணுயிர்கள் நொதிக்கவைத்துத்தான் செரிக்கும். நன்றாகப் பழுத்த இனிப்பான பழத்தைக் கொடுத்தால் நொதித்தல் கட்டுக்கடங்காமல் போய் வயிறு உப்பிச் செத்தே போகலாம். குரங்குக்கு வாழைப்பழம் கொடுத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கும் மாமாக்களுக்கு இதைச் சொல்லலாம்.

ஒன்பதரை வாக்கில் ஃபிரஜைல் ஃபாரஸ்ட் என்ற பெரிய வலைக்கூடத்துக்குள் போங்கள். இரண்டு கதவு; முதல் கதவு மூடிய பிறகுதான் இரண்டாவதைத் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் பட்டாம்பூச்சி வெளியேறிவிடும். உள்ளே தடுப்பே கிடையாது. வளையவால் லெமூர் நடைபாதைக் கைப்பிடியில் உட்கார்ந்திருக்கும், காலடியில் சருகுமான் ஓடும், மேலே கொடியில் இரட்டை விரல் ஸ்லாத் என்ற மந்த நடை மரவிலங்கு ஒரு கூடைச் சுருள்போலத் தொங்கும். ஸ்லாத் இரவு விலங்கு, பகலில் அசையாது என்று விட்டுவிடாதீர்கள். உணவு வைக்கும் நேரத்தில் மெல்ல மெல்லக் கை நீட்டும்.

ஆனால் நின்று பார்க்க வேண்டியது மலாயாப் பழந்தின்னி வௌவால். சிறகை விரித்தால் ஒன்றரை மீட்டர் வரை வரும். கண்ணுக்கு நேர் உயரத்தில், கைக்கு எட்டும் தூரத்தில் தலைகீழாகத் தொங்கும். நாய்க்குட்டி முகம், பழுப்புக் கண். வெக்கை ஏறினால் ஒரு சிறகை மட்டும் விசிறிபோல அசைக்கும்; இன்னும் ஏறினால் சிறகையும் மார்பையும் நக்கி ஈரமாக்கிக்கொண்டு மறுபடி விசிறும். அதற்கு வியர்க்காது, எச்சில்தான் வியர்வை. சிறகுத் தோல் வழியாக வெளிச்சம் ஊடுருவும்போது நரம்புகளும், நம் கையில் உள்ளது போன்ற நீண்ட விரல் எலும்புகளும் ஒவ்வொன்றாகத் தெரியும். பிள்ளைகளுக்கு அதை எண்ணச் சொல்லுங்கள். தொட மட்டும் விடாதீர்கள். கீழே நிற்பவர் தொப்பி போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். ஏன் என்று அங்கே போனால் தெரியும்.

இனி உணவூட்டல். யானை, ஒட்டகச்சிவிங்கி, வெள்ளைக் காண்டாமிருகம் என்று தனித்தனி நேரத்தில், தனிக் கட்டணத்தில் நடக்கிறது. இடங்கள் அளவோடுதான், விடுமுறை நாளில் நேரில் போய் வாங்கலாம் என்று இருந்தால் கிடைக்காது, சீட்டோடு சேர்த்து முன்பே வாங்குங்கள். மூன்றில் ஒன்றுதான் முடியும் என்றால் ஒட்டகச்சிவிங்கி.

அதன் நாக்கு ஒரு முழம், ஏறத்தாழ 45 செ.மீ., கருநீல நிறம். உணவுத் துண்டை விரல் நுனியில் பிடித்து நீட்டினால் நாக்கு வந்து சுற்றி இழுத்துக்கொள்ளும். ஆடு மாடு மாதிரியே மேல் முன்பல் கிடையாது. அதனால் கடித்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். அடி வாங்குவது வேறு விதத்தில். ஒட்டகச்சிவிங்கி சண்டை போடுவதே கழுத்தை வீசித்தான். ஈ ஒன்று காதில் உட்கார்ந்தால்கூடத் தலையைச் சடக்கென்று திருப்பும். அந்தத் தலை உங்கள் கன்னத்தில் பட்டால் கண் இருட்டும். ஆகவே குழந்தையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஊட்டாதீர்கள். இடுப்பில் வைத்து, கையை மட்டும் நீட்டச் சொல்லுங்கள். முகத்தைத் தடவுவது அதற்குப் பிடிக்காது. தடவப் போனால் தலையை உயர்த்திக்கொண்டு போய்விடும், தட்டில் உணவு மீதியிருக்கும். பெரும்பாலும் ஊட்டல் கெட்டுப்போவது இப்படித்தான்: நாக்கு கையில் பட்டதும் குழந்தை அலறித் துண்டைக் கீழே போடும், பின்னால் வரிசை நிற்கும், அடுத்தவர் முறை வந்துவிடும். முதல் துண்டைப் பெரியவர் கொடுத்துக் காட்டிவிட்டு இரண்டாவதைக் குழந்தையிடம் கொடுங்கள். எச்சில் கெட்டியாக, பசை மாதிரி இருக்கும். முள்மரம் தின்னும் வாய்க்கு அந்தப் பூச்சு தேவை.

ஊட்டி முடிந்ததும் உடனே கிளம்பிவிடாமல் பத்து நிமிடம் தள்ளி நின்று கழுத்தைப் பாருங்கள். அசைபோடத் தொடங்கும்போது ஒரு உருண்டை கழுத்தின் அடியிலிருந்து தோலுக்குள்ளேயே மேலே ஏறிப்போவது தெளிவாகத் தெரியும். வாய்க்கு வந்ததும் தாடை பக்கவாட்டில் ஆடும். மென்று விழுங்கியதும் அதே உருண்டை கீழே இறங்கும். காசு கொடுக்காமல் பார்க்கக் கிடைப்பதில் இதற்கு ஈடு அங்கே வேறில்லை.

வெள்ளைக் காண்டாமிருகத்துக்கு முன்பல்லே இல்லை, மேலும் இல்லை கீழும் இல்லை. அகன்ற சதுர உதட்டால் புல்லைப் பறிக்கும் விலங்கு. பார்வை மந்தம், காதும் மூக்கும் கூர்மை. இரண்டு காதும் தனித்தனியாகத் திரும்புவதைப் பார்க்கலாம். கத்தினால் பின்வாங்கும், பிறகு வரத் தயங்கும். பராமரிப்பாளர் சொல்லும் இடத்தில் நின்று, மெதுவாகப் பேசி, உதடு கிட்டே வந்த பிறகு கொடுங்கள்.

யானை நமக்குப் புதிதல்ல. இருந்தாலும் பிள்ளைகளிடம் காட்ட ஒன்று உண்டு: ஆசிய யானையின் துதிக்கை நுனியில் விரல் போன்ற நீட்சி ஒன்றுதான், ஆப்பிரிக்க யானைக்கு இரண்டு. அதனால் நம் யானை கிள்ளி எடுப்பதைவிடச் சுருட்டிப் பிடிப்பதே அதிகம். பழத்தை உள்ளங்கையில் மூடி வைக்காமல், சுருட்ட இடம் விட்டு நுனியில் பிடியுங்கள்.

எதை ஊட்டப் போனாலும் அதற்கு முன் கையைக் கழுவுங்கள். கொசு மருந்தும் வெயில் களிம்பும் பூசிய கையால் ஊட்டினால் அது விலங்கின் வயிற்றுக்குள் போகும். ஊட்டிய பிறகும் சோப்புப் போட்டு 20 வினாடி. கிருமிநாசினி ஜெல் பசை எச்சிலின் மேல் சரியாக வேலை செய்யாது. ஊர்வனவற்றின் மேல் சால்மொனெல்லா கிருமி இருக்கும் என்பதால் 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் விஷயத்தில் கறாராக இருங்கள். அந்தக் கைதான் நேரே வாய்க்குப் போகும்.

பதினொன்றரைக்கு மேல் நிழல் தேடுங்கள். ரெப்டோப்பியாவில் பாம்பு பல்லி, பிறகு சாப்பாடு, பிறகு கடல்சிங்கம் வரும் காட்சி. காட்சிக்கு இருக்கையை அன்றைக்கே செல்பேசியில் பதிந்துகொள்ள வேண்டியிருக்கும். முன்வரிசையில் உட்கார்ந்தால் நனைவது உறுதி. கேமராவோடு வந்தவர் மேல்வரிசைக்குப் போகட்டும். குளிர்சாதன அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படியும். துடைத்துக்கொண்டே இருந்தால் கோடு விழும், சில நிமிடம் அப்படியே விட்டால் தானே போய்விடும்.

மழை பிற்பகலில் வரும், அதுவும் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் இடியோடு. ஜூன் முதல் செப்டம்பர் வரை சில நாள் விடியற்காலையிலேயே சுமத்ரா பக்கமிருந்து காற்றும் மழையுமாக அடித்து, முற்பகலுக்குள் ஓய்ந்துவிடும். அன்றைக்கு அவசரப்பட்டுப் பயணத்தை ரத்து செய்யாதீர்கள். மின்னல் எச்சரிக்கை வந்தால் வெளிக் காட்சிகளும் ஊட்டலும் நிற்கும். அதனால் ஊட்டல் நேரத்தை முற்பகலில் எடுப்பதே பாதுகாப்பு. குடையைவிட மழைக்கோட்டு மேல். தள்ளுவண்டி தள்ள இரண்டு கையும் வேண்டும். மழை விட்ட அரைமணி நேரத்தைத் தவறவிடக் கூடாது. வெக்கை இறங்கியதும் புலி எழுந்து நடக்கும். எத்தியோப்பியப் பள்ளத்தாக்குப் பகுதியில் ஹமாத்ரியாஸ் பபூன் குரங்குக் கூட்டம் வெளியே வரும். வெள்ளிப் பிடரி ஆண், தன் பெண்களையெல்லாம் கூட்டம் கலையாமல் மேய்த்துக்கொண்டிருக்கும். அங்கே பல்லைக் காட்டிச் சிரித்து உற்றுப் பார்க்காதீர்கள், அதன் பாஷையில் அது சண்டைக்கு அழைப்பு.

வெள்ளைப் புலி தனி இனம் என்று பலகை எதுவும் சொல்லாது, ஆனால் நம்மவர்கள் சொல்வார்கள். வங்கப் புலியில் ஒரு மரபணு மாற்றம், அவ்வளவே. உடலில் கருங்கோடுகள் இருப்பதால் முழு வெளிறலும் அல்ல.

நடைபாதையில் காட்டுக் குரங்கும் நீர் உடும்பும் தாமாகவே வந்து போகும். அவை தோட்டத்துக் கணக்கில் இல்லை. குரங்குக்கு பிளாஸ்டிக் பை என்றாலே சாப்பாடுதான். தொங்கவிட்டுக்கொண்டு நடந்தால் பிடுங்கும். எல்லாம் முதுகுப் பைக்குள் போகட்டும். இரக்கப்பட்டு பிஸ்கட் நீட்டினால் வனவிலங்குச் சட்டப்படி முதல் தடவைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் போடலாம், மறுபடி என்றால் 10,000.

ஆளுக்கு முக்கால் லிட்டர் தண்ணீர் போதும், குழாயில் நிரப்பிக்கொள்ளலாம். தாத்தா பாட்டிக்குச் சக்கர நாற்காலி, குழந்தைக்குத் தள்ளுவண்டி வாசலில் வாடகைக்குக் கிடைக்கும், டிராமும் இருக்கிறது. 25 ஹெக்டேருக்கு மேல் இடம், மேடு பள்ளம் வேறு. புதுச் செருப்பு வேண்டாம்.

அன்றைக்கே பக்கத்திலுள்ள இரவு விலங்குத் தோட்டமான நைட் சஃபாரியையும் முடித்துவிடலாம் என்று சீட்டைக் கட்டாக விற்பார்கள். அது 7:15க்குத்தான் திறக்கும். காலை எட்டரைக்கு வந்த ஆறு வயதுப் பிள்ளை அதற்குள் தூங்கிப்போயிருக்கும். இன்னொரு நாள் மாலை வாருங்கள். மாற்றுச் சட்டை ஒன்று ஒவ்வொருவருக்கும் பையில் இருக்கட்டும். வியர்வையிலும் மழையிலும் நனைந்த துணியோடு குளிர்சாதனப் பேருந்தில் ஏறினால் மறுநாள் காலை எல்லோரும் தும்மிக்கொண்டிருப்பீர்கள்.