சொட்டு விழுற இடம் வேற, கசியிற இடம் வேற

அப்பாவோட பழைய மோரிஸ் மைனர் காரோட என்ஜின பிரிச்சு திரும்ப கட்டி முடிச்ச நாலாவது நாள் காலையில, கோலாலம்பூர் செந்தூல் வீட்டு போர்ச்சுல பார்த்தா சிமெண்ட் தரையில உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய். ஏழு மாசம் வேலை செஞ்ச என்ஜின், பார்த்ததும் எனக்கு வயிறே கலங்கிப் போச்சு. அப்பா வந்து பார்த்தாரு, ஒண்ணும் சொல்லல, ஒரு பழைய மைலோ பெட்டிய கிழிச்சு அன்னைய தேதிய மூலையில எழுதி வண்டிக்கு அடியில தள்ளிட்டு உள்ள போயிட்டாரு.

1959 மாடல், 948 சிசி. 1978ல ரவாங் பக்கம் ஒரு தோட்டத்து கிராணிகிட்ட (குமாஸ்தா) அப்பா வாங்கினது, நான் பிறந்தப்ப ஆஸ்பத்திரியிலருந்து என்னைய வீட்டுக்கு கொண்டு வந்ததும் இதுதான், அதனால இத விக்கிறது பத்தி எங்க வீட்டுல பேச்சே வராது.

தெரிஞ்ச ஃபோர்மேன் (மெக்கானிக்) அண்ணன் ஒருத்தரு வந்து குனிஞ்சு பார்த்துட்டு "பின்னாடி கிராங்க் சீல் போச்சு தம்பி, என்ஜின இறக்கணும்"னாரு. அனுபவசாலிதான், ஆனா இந்த ஏ சீரீஸ் என்ஜின்ல பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது! கிராங்க்ல, அதாவது பிஸ்டன்கள் சுத்த வைக்கிற தண்டுல, திருகாணி மரை மாதிரி ஒரு வரி வெட்டியிருப்பாங்க, கிராங்க் சுத்தும்போது அந்த வரி எண்ணெய திரும்ப சம்ப்புக்கே, அதாவது என்ஜினுக்கு அடியில இருக்குற எண்ணெய் தொட்டிக்கே, தள்ளி விட்டுடும், எதுவும் எதையும் தொடாது, நடுவுல மெல்லிசா ஒரு இடைவெளி அவ்வளவுதான். மாத்துறதுக்கு அங்க சீல் இல்லாதப்ப எதுக்கு இறக்கணும், கொஞ்சம் பொறுங்கண்ணேன்னு சொல்லிட்டேன்.

எண்ணெய் கசிஞ்ச இடத்துலயே சொட்டாது, ஃபேன் காத்து அத பின்னாடி தள்ளும், தன் எடைக்கு அது கீழ இறங்கும், கடைசியா சம்ப்போட பின் மூலையில வந்து தொங்கும். அதனால மேலருந்து கீழ, முன்னாடியிருந்து பின்னாடின்னுதான் தேடணும். மொத்த என்ஜினையும் டிகிரீஸர் போட்டு கழுவி, துடைச்சு, காய வச்சு, குழந்தைக்கு போடுற பவுடர பிரஷ்ஷால தூவி விட்டேன். கால் மணி நேரம் ஐட்லிங்ல ஓட விட்டா போதும், ஈரம் பட்ட எடத்துல மட்டும் பவுடர் கறுத்துப் போயிடும்.

முதல்ல கறுத்தது ராக்கர் கவர், அதாவது என்ஜின் உச்சியில இருக்குற தகர மூடி, அதோட ஓரம். ரெண்டே நட்டுதான் அது, நான் பயத்துல ஓவரா முறுக்கியிருந்தேன், புத்தகத்துல 4 பவுண்டு அடின்னுதான் போட்டிருக்கு, அது விரல் பலத்தோட கொஞ்சம் கூட, அவ்வளவுதான். தகரம் வளைஞ்சு அடியில இருக்குற கார்க் கேஸ்கெட் ஒரு பக்கம் பிதுங்கி வெளிய வந்திருச்சு. கவர கழட்டி பலகை மேல வச்சு விளிம்ப லேசா தட்டி சமமாக்கி புது கார்க் போட்டேன், நின்னுச்சு.

அடுத்தது டாப்பெட் சைட் கவர், என்ஜின் பக்கவாட்டுல இருக்குற மூடி. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு (புகை வெளிய போற குழாய்) அடியில ரெண்டு கவர் ஒளிஞ்சிருக்கும், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரே ஒரு போல்ட், கண்ணாடியும் டார்ச்சும் இல்லாம பார்க்கவே முடியாது. பின் கவரோட கீழ் விளிம்புல பவுடர் சேறு மாதிரி ஆகியிருந்துச்சு. கார்க் கேஸ்கெட் காய்ஞ்சு சுருங்கியிருந்தா வெதுவெதுப்பான தண்ணியில ஊற வச்சா திரும்ப விரியும், இது அப்பா சொல்லிக் குடுத்தது. கவர் பக்கம் மட்டும் மெல்லிசா சீலண்ட், பிளாக் பக்கம் கிரீஸ், ஒரு ராத்திரி அப்படியே விட்டுட்டு மறுநாள்தான் ஸ்டார்ட் பண்ணேன்.

அதுக்கப்புறம் ஐட்லிங்ல ஒரு சொட்டு கிடையாது. சந்தோஷமா ஞாயித்துக்கிழமை அப்பாவ ஏத்திக்கிட்டு பழைய கோம்பாக் மலை ரோட்டுல கெந்திங் செம்பா வரைக்கும் ஏறிட்டு திரும்பி வந்து நிறுத்துனா, பெல் ஹவுசிங் (என்ஜினையும் கியர் பாக்ஸையும் சேர்க்குற கூடு) அடியில இருக்குற ஓட்டையில, அந்த ஸ்ப்ளிட் பின் தொங்குதே அது நுனியில, சொட்டு சொட்டுனு விழுது. அண்ணன் சொன்னதுதான் சரியோன்னு ஒரு நிமிஷம் ஆடிப் போயிட்டேன்.

கியர் பாக்ஸா என்ஜினான்னு மோந்து பார்த்தும் சொல்ல முடியாது, நான் ரெண்டுக்கும் ஊத்துறது அதே 20டபிள்யூ50. என்ஜின் எண்ணெய்ல மட்டும் யூவி டை (ஊதா வெளிச்சத்துல மினுங்குற சாயம்) கலந்து ராத்திரி லைட்ட அணைச்சுட்டு ஊதா டார்ச் அடிச்சேன், ஸ்ப்ளிட் பின்னோட நுனியில மஞ்சப் பச்சையா மினுங்குச்சு, அப்ப என்ஜின்தான். ஆனா நின்னபடி ஓடுறப்ப வராதது மலை ஏறுனா மட்டும் ஏன் வருதுன்னு யோசிச்சப்பதான் உள்ள அழுத்தம் ஏறுதோன்னு தோணுச்சு. எண்ணெய் ஊத்துற மூடிய கழட்டி அந்த வாய்ல ஒரு ரப்பர் கையுறைய மாட்டி ஓட விட்டேன், அஞ்சு விரலும் விறைச்சு எழுந்து நின்னுடுச்சு.

புது பிஸ்டன் ரிங் சிலிண்டர்ல இன்னும் பதியல, எரிஞ்ச கேஸ் கொஞ்சம் கீழ இறங்கத்தான் செய்யும், அது வெளிய போகத்தானே பிரீதர்னு குழாய் வச்சிருக்காங்க. முன் சைட் கவர்லருந்து கீழ இறங்குற பைப்ப கழட்டி வெளிச்சத்துல பிடிச்சா மறுபக்கம் தெரியல. கம்பிய விட்டு குத்துனா காய்ஞ்ச மண்ணு கட்டி கட்டியா கொட்டுது, கூடவே சுருண்டு போன குட்டிக் குட்டி சிலந்திங்க. குளவிக்கூடு! ஏழு மாசம் ஸ்டோர் ரூம் ஷெல்ஃப்ல கிடந்தப்ப கட்டியிருக்கு, கழுவி பெயிண்ட் அடிச்ச சாமான்தானேன்னு நான் மாட்டும்போது ஊதிக்கூட பார்க்கல. ராக்கர் கவர்லருந்து ஏர் கிளீனருக்கு போற ஹோஸும், வேற வண்டியோடத வெட்டி போட்டது, சூட்டுல மெத்துனு ஆகி மடிஞ்சு ஒட்டிக் கிடந்துச்சு. ரெண்டு வழியும் அடைச்சா கேஸ் எங்க போகும், கிராங்க்ல இருக்குற அந்த மரை வழியா எண்ணெயையும் தள்ளிக்கிட்டு வந்திருக்கு.

பைப்ப மண்ணெண்ணெய்ல கழுவி, ஆயில் தாங்குற ஹோஸ் ஒண்ணு பன்னெண்டு வெள்ளிக்கு வாங்கி மாட்டுனேன். கையுறை இப்ப சோர்ந்து தொங்குது. நேத்து அதே ரோட்டுல திரும்ப ஏறி இறங்குனோம், இன்னைக்கு காலையில அட்டையில ரெண்டே சொட்டு, பத்து காசு அகலம். அப்பா அதுலயும் தேதி எழுதி, முதல் நாள் அட்டையோட சேர்த்து மடிச்சு பூட்ல வச்சிருக்காரு.