அம்மாவின் குதிகாலும் தேன்மெழுகும்

கோத்தகிரியில் ஜனவரிப் பனி இறங்கினால் அம்மாவுக்குக் குதிகால் வெடித்துவிடும். முப்பது வருடம் தேயிலைத் தோட்டத்தில் நின்ற கால்கள். போன வருடம் ‘ஆர்கானிக்’ என்று எழுதிய க்ரீம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மூன்றாவது வாரம் மூடியைத் திறந்தால் உள்ளே பூஞ்சை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம்தான் லேபிள் படிக்கப் பழகினேன். தண்ணீர் சேர்ந்த க்ரீமில் கிருமி வளரும். கெடாமல் காக்க ஏதாவது சேர்த்தே ஆக வேண்டும். வழக்கமான க்ரீம்கள் பலவற்றில் அதற்காகப் பாராபென் என்ற ரசாயனம் இருக்கும். ஆர்கானிக் அழகுப் பொருட்களுக்கு ஐரோப்பாவில் தருகிற காஸ்மோஸ் தரச்சான்று அதை அனுமதிப்பதில்லை. சோர்பிக் அமிலம், பென்சாயிக் அமிலம் போன்ற சிலவற்றை அனுமதிக்கிறது. அந்தச் சான்றிலும் முழுப் பொருளும் ஆர்கானிக் கிடையாது. பூசி அப்படியே விடுகிற க்ரீமில் மொத்தத்தில் 20 சதவீதம், ஷாம்பு போலக் கழுவிவிடுவதில் 10 சதவீதம் என்பதுதான் பொதுவான குறைந்தபட்ச அளவு. தண்ணீரை ஆர்கானிக் என்று கணக்கில் சேர்க்க முடியாதே!

பெட்ரோலியம் ஜெல்லியை நான் குறை சொல்ல மாட்டேன். தோலின் ஈரத்தை அருமையாகப் பிடித்து வைக்கும். கச்சா எண்ணெயிலிருந்து வருவதால் ஆர்கானிக் ஆகாது, அவ்வளவுதான்.

இப்போது ஒரு பங்கு தேன்மெழுகும் நான்கு பங்கு தேங்காய் எண்ணெயும் உருக்கி நானே செய்கிறேன். தண்ணீரே இல்லாததால் பூஞ்சைக்கு வழியில்லை. ஈரக்கையால் மட்டும் தொடக் கூடாது. வாசனைக்கு நீலகிரித் தைலம் ஒரே சொட்டு. அதை நேரடியாகத் தோலில் தடவினால் எரியும், இயற்கைப் பொருள்தான் என்றாலும். ராத்திரி சாக்ஸ் போடுவதற்கு முன் அம்மா கேட்டு வாங்கித் தடவிக்கொள்கிறார்.