மூன்றாம் நிரலில் விட்ட இடம்

உயர்தர வகுப்பில் தசைகளைப் படித்த அன்று எங்கள் விலங்கியல் ரீச்சர் கரும்பலகையில் மூன்று நிரல்கள் கீறினார். முதலாவது வன்கூட்டுத்தசை, இரண்டாவது இதயத்தசை, மூன்றாவது மழமழப்பான தசை. முதல் இரண்டும் பலகையின் அடிவரை நிரம்பிவிட்டன. மூன்றாவதில் மூன்றே வரிகள்: கோடுகள் இல்லை, இச்சைக்கு உட்படாது, இலகுவில் களைப்படையாது.

கொப்பியில் அரைப்பக்கம் வெறுமையாகக் கிடந்தது. இடத்தை ஏன் வீணாக்குவான் என்று அடுத்த பாடத்தை அதிலேயே தொடங்கப் போனேன். ரீச்சர் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. "அதை விட்டுவை பிள்ளை. உதில எழுத இன்னும் கனக்க இருக்கு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றார். தமக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்று ஓர் ஆசிரியர் வகுப்பில் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பல்கலைக்கழகம் முடித்து ஆராய்ச்சிக்கு வந்தபின் என் வேலை முழுவதும் அந்த மூன்றாவது வரியைச் சுற்றியே அமைந்துவிட்டது. இலகுவில் களைப்படையாது. ஏன்? ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றால் கை நடுங்குகிறது. நாடிகளின் சுவரிலுள்ள மழமழப்பான தசையோ பிறந்த நாள் தொட்டு ஒரு கணமும் முழுதாகத் தளராமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதே இழுவிசையைத் தாங்க, கையிலுள்ளது போன்ற வன்கூட்டுத்தசை செலவிடும் சக்தியில் பத்தில் ஒரு பங்கு முதல் முந்நூறில் ஒரு பங்குவரைதான் அதற்குத் தேவைப்படுகிறது.

எங்கள் காலத்துப் பாடத்தில் இல்லாத பகுதியை இங்கே சொல்லிவிடுகிறேன். வன்கூட்டுத்தசையில் கல்சியம் போய்ப் பற்றுவது அக்தின் என்ற புரத இழையிலுள்ள துரோபோனின் என்ற புரதத்தை. மழமழப்பான தசையில் துரோபோனினே கிடையாது. ஓய்வாக இருக்கும் கலத்துக்குள் உள்ள கல்சியம், வெளியே இருப்பதில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஓமோனோ நரம்புச் செய்தியோ வந்து கலமென்சவ்வைத் தட்டியதும் கல்சியத்துக்கான வாயில்கள் திறக்கின்றன. உள்ளே சேமித்து வைத்த கல்சியமும் வெளிப்படுகிறது. நான்கு கல்சிய அயன்கள் கல்மொடியூலின் என்ற புரதத்தில் ஏறி உட்கார, அது ஒரு நொதியத்தை எழுப்புகிறது. அந்த நொதியம், அக்தினை இழுக்கும் மயோசின் என்ற புரதத்தின் சிறு சங்கிலியில் 19ஆம் இடத்திலிருக்கும் செரீன் என்ற அமினோவமிலத்தில் ஒரு பொசுபேற்றைப் பூட்டுகிறது. அதன்பிறகுதான் மயோசின் அக்தினைப் பிடித்து இழுக்கும். பொசுபேற்றைக் கழற்ற இன்னொரு நொதியம் இருக்கிறது: பொசுபற்றேசு. பூட்டுபவர் ஒருவர், கழற்றுபவர் ஒருவர். சுருக்கம் எவ்வளவு என்பது இந்த இருவருக்கும் இடையிலான இழுபறி.

படிக்கும்போது இலகுவாகத்தான் இருந்தது. ஆய்வுகூடத்தில் அது என்னைப் படுத்தியபாடு வேறு. எலியின் பெருநாடியை இரண்டு மில்லிமீற்றர் அகல வளையங்களாக வெட்டி, ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் இரண்டு மெல்லிய கம்பிகளைச் செருகி, 37 பாகை உப்புக்கரைசலில் தொங்கவிடவேண்டும். கீழ்க் கம்பி அசையாது. மேல் கம்பி விசைமானியில் கொழுவியிருக்கும். கரைசலுக்குள் 95 வீதம் ஒட்சிசன், 5 வீதம் காபனீரொட்சைட்டுக் குமிழிகள் ஏறிக்கொண்டே இருக்கும். முதலில் பினைலெஃப்ரின் என்ற மருந்தை விட்டுச் சுருங்க வைப்போம். திரையில் கோடு ஏறி நிற்கும். பிறகு தசையைத் தளர்த்தவேண்டிய அசற்றைல்கோலின். கோடு இறங்கவேண்டும்.

என் வளையங்களில் அது இறங்கவில்லை. மூன்று கிழமை கரைசலை மாற்றினேன், மருந்தைப் புதிதாகக் கரைத்தேன், விசைமானியை மீண்டும் அளவுதிருத்தம் செய்தேன். நாலாம் கிழமை, பக்கத்து மேசையில் வேலைசெய்த முதிய தொழினுட்பவியலாளர் நான் கம்பி செருகுவதைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தார். வளையத்தை உருட்டி உருட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன். உட்சுவரிலுள்ள ஒற்றைக் கலப்படை அத்தனை தடவையும் உரசுப்பட்டுப் போயிருக்கிறது.

அந்தப் படைக்கு ஒரு பெருங்கதை உண்டு. ரொபேட் பேர்ச்கொற் முயலின் பெருநாடிக் கீற்றுகளில் பல ஆண்டுகள் வேலைசெய்தவர். அசற்றைல்கோலின் அவற்றைச் சுருக்கவே செய்தது. உடம்புக்குள் விட்டாலோ அதே மருந்து குருதிக்கலன்களைத் தளர்த்துகிறது. இந்த முரண்பாட்டை அவர் 1980இல் அவிழ்த்தார்: தயாரிக்கும்போது உட்படை உரசுப்பட்டுவிடுகிறது, தளர்த்தும் செய்தி அங்கிருந்துதான் புறப்படுகிறது. அந்தச் செய்தி நைதரிக் ஒட்சைட்டு என்ற வாயு என்று பின்னர் தெரியவந்தது. 1998இல் அவருக்கும் லூயிஸ் இக்னாரோவுக்கும் பெரிட் முராட்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் நைத்திரோகிளிசரின் குளிசையும் இந்த வழியால்தான் வேலைசெய்கிறது. அடுத்த நாள் வளையத்தை ஒரு முறைகூட உருட்டாமல் ஏற்றினேன். அசற்றைல்கோலினை விட்டதும் கோடு சரிந்து இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு கனநேரம் எழும்பாமல் இருந்தேன்.

தளர்வது என்றால் சும்மா விட்டுவிடுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படியல்ல. யாரோ கல்சியத்தை வெளியே தள்ளவேண்டும், யாரோ பொசுபேற்றைக் கழற்றவேண்டும். ஆஸ்துமாக்காரர் உறிஞ்சும் சல்பியூற்றமோல்கூட மூச்சுக்குழாய்த் தசையில் தளர்வுக்கான ஒரு செய்தித் தொடரைத் தொடக்கிவைக்கிறது.

பிறகு கல்சியம் இருக்கும் அளவுக்கேற்ப ஒளிரும் சாயத்தைக் கலங்களில் ஏற்றி, கல்சியத்தையும் விசையையும் ஒரே திரையில் பார்க்கத் தொடங்கினோம். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. மருந்து விட்டதும் இரண்டும் ஏறின. ஒரு நிமிடத்துக்குள் கல்சியக் கோடு பாதிக்குமேல் இறங்கிவிட்டது. விசைக் கோடு அசையவில்லை. இது முன்பே பலர் கண்டு எழுதிய விடயம். ஆனால் வாசித்து அறிவது வேறு, கண்முன்னே ஒரு கோடு மற்றதை விட்டுப் பிரிந்து போவதைப் பார்ப்பது வேறு. காரணம், பொசுபேற்றைக் கழற்றுபவரின் கையை வேறொருவர் கட்டிவைத்திருப்பது. றோ கைனேசு என்ற நொதியம் பொசுபற்றேசை அடக்கிவிட, கொஞ்சக் கல்சியமே போதுமாகிறது. 1997இல் யப்பானிய ஆய்வாளர்கள் இந்த நொதியத்தைத் தடுக்கும் மருந்தொன்றைக் கொடுத்து, உயர்குருதியமுக்கமுள்ள எலிகளில் அமுக்கம் இறங்குவதைக் காட்டினார்கள்.

இதெல்லாம் பெரிய விடயமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்வேன். ஒரு சிறுநாடியின் ஆரை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் போதும், குருதியோட்டத்துக்கான தடை ஒன்றரை மடங்காகிவிடும். தடை ஆரையின் நாலாம் அடுக்குக்கு நேர்மாறு விகிதசமம், அதனால்தான் அப்படி. தசை ஒரு மயிரிழை கூட இறுக்கினால் அதன் பாரம் இதயத்தில்தான் விழுகிறது.

களைப்படையாததன் மர்மத்துக்கு வருவோம். சுருங்கிய நிலை நீடிக்கும்போது பொசுபேற்றும் குறைந்துவிடுகிறது, விசையோ நிற்கிறது. மயோசின் அக்தினைப் பிடித்தபடியே, மிக மெதுவாகத்தான் விடுகிறது. அதனால்தான் சக்திச் செலவும் குறைவு. 1981இல் இதற்குக் கொண்டி போட்ட நிலை என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார்கள். பெயர் வைத்ததோடு விளங்கிவிட்டது என்று பலர் எழுதுவதை நான் ஏற்பதில்லை. அந்தக் கொண்டியை எந்தப் புரதங்கள் எப்படி மாட்டுகின்றன என்பதில் இன்றும் ஒருமித்த கருத்தில்லை.

இந்த மலருக்கு எழுதச் சொல்லிச் சங்கத்தார் கேட்டதும் ரீச்சருக்குத்தான் முதலில் தொலைபேசி எடுத்தேன். வயது எண்பதைக் கடந்துவிட்டது, குரல் மட்டும் அதே குரல். மூன்றாம் நிரலை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "ஏன், அதில எழுத ஏதும் வந்திட்டுதோ?" என்றார். கல்மொடியூலினில் தொடங்கினேன். றோ கைனேசுக்கு வந்தபோது இடைமறித்தார்.

"கொஞ்சம் பொறு பிள்ளை. கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாறன். பேரைத் திருப்பிச் சொல்லு, எழுதவேணும்."