ஸ்விட்ச்தான் சார்

"ஸ்விட்ச்தான் சார், வேற ஒண்ணும் இல்லை." இதைச் சொன்னபோது நான் பானெட்டைக்கூடத் திறந்திருக்கவில்லை.

98 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. ஓட்டி வந்தவர் ஓய்வுபெற்ற வாத்தியார். வண்டி சூடானதும் சிக்னலில் நின்றால் ஆயில் லைட் மினுக்குகிறது, ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால் அணைந்துவிடுகிறது என்றார். நோயாளியே நோயின் பெயரைச் சொன்னதற்குச் சமம் அது. சூட்டில் ஆயில் இளகும், ஐடிலிங்கில் பம்ப் மெதுவாகச் சுற்றும், பிரஷர் 0.3 கிலோ போலக் குறைந்தால் லைட் எரியும். பிரஷரைப் பார்த்து லைட்டைப் போடுகிற அந்த ஸ்விட்ச் பழுது என்றால் ஆக்சிலேட்டருக்கு இவ்வளவு ஒழுங்காகக் கட்டுப்படுமா? இன்று கேட்கத் தெரிகிறது.

அவர் இன்னொன்றும் சொன்னார். அதுதான் தூங்கவிடாத இடம்.

"ஆயில் குறையவே இல்லை தம்பி. போன மாசத்துக்கு இப்ப கொஞ்சம் ஏறித்தான் இருக்கு."

சிரித்துவிட்டேன். "ஆயில் எப்படி சார் ஏறும்? மேட்டுல நிறுத்திப் பார்த்திருப்பீங்க."

மனிதர் மறுபேச்சுப் பேசவில்லை. பிள்ளைகளை எத்தனை வருடம் திருத்தியவரோ, என் முன்னால் தப்பாக விடை சொன்ன மாணவன் மாதிரி நின்றார். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியை உருவி மூக்கருகே கொண்டுபோயிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும்.

என் பக்கமும் இருக்கிறது. அன்று பட்டறையில் நாலு வண்டி. பிரஷர் கேஜை இன்னொரு பட்டறைக்காரர் வாங்கிப் போயிருந்தார். என் அனுபவத்தில் ஆயில் லைட் என்று வந்த பழைய வண்டிகளில் பாதிக்கு மேல் ஸ்விட்ச்தான், இல்லையென்றால் ஒயர் எங்காவது பாடியில் உரசியிருக்கும். அவரை டீ குடிக்க அனுப்பிவிட்டுப் புது ஸ்விட்சை மாட்டினேன். லைட் எரியவில்லை. எப்படி எரியும்? அவர் டீ குடித்து, பேப்பர் படித்து வருவதற்குள் இன்ஜின் ஆறிவிட்டது. ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டினேன். அரை மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டும். அந்த நிலைமையில் கேஜ் கையில் இருந்து மாட்டியிருந்தாலும் நல்ல பிரஷர்தான் காட்டியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். கொஞ்சம் ஆறுதல். சூடாக்கிப் பார்க்காதவனும் நானேதானே என்று அடுத்த நிமிடமே அது கரைந்துவிடும்.

வண்டியை எடுக்கும்போது, "மறுபடி எரிஞ்சா?" என்றார்.

"பழைய வண்டியில இந்த லைட் சும்மா சும்மா பொய் சொல்லும் சார். கண்டுக்காதீங்க."

ஸ்விட்ச் மாற்றியதைக்கூட மன்னித்துவிடலாம். இந்த வாக்கியத்துக்கு என்ன செய்வது?

மூன்று வாரம் கழித்து வண்டி கயிறு கட்டி வந்தது. ஸ்டார்ட் செய்ததுமே அடியில் டொக் டொக். உடனே நிறுத்திவிட்டு, இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்பின் நட்டைக் கழற்றினேன். ஆயில் தண்ணீராக ஓடியது, பட்டறை முழுக்கப் பெட்ரோல் வாடை. இன்ஜினுக்குப் பெட்ரோல் தள்ளும் பம்ப்பின் டயஃப்ரம், அதாவது உள்ளே இருக்கும் சவ்வு, கிழிந்து, பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலுக்குள் இறங்கியிருக்கிறது. அதனால்தான் அளவு ஏறியது, அதனால்தான் பிரஷர் இறங்கியது. பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கான்ராடின் பேரிங்கில் மேல்பூச்சு உரிந்து செம்பு தெரிந்தது.

"ரெண்டு நாளா எரிஞ்சுக்கிட்டேதான் தம்பி இருந்துச்சு. பொய் சொல்லும்னீங்களே." குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் நானும் ரெண்டு வார்த்தை பேசி ஆறியிருப்பேன்.

ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய இன்ஜின். பேரிங் அதற்கு முன்பே தேய்ந்திருக்கலாம். டயஃப்ரத்தை அன்றே மாற்றியிருந்தாலும் ஒரு வருடத்தில் இதே வேலை வந்திருக்கலாம். வராமலும் போயிருக்கலாம். கிராங்க்கை லேத்தில் கொடுத்து எடுத்தோம். கூலி வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை, சீட்டுக்கு அடியில் கவரை வைத்துவிட்டுப் போயிருந்தார். திருப்பிக் கொடுத்திருக்கலாம். அந்த மாதம் வாடகை பாக்கி, வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஆயில் லைட் என்று வண்டி வந்தால் முதலில் டிப்ஸ்டிக்கை முகர்கிறேன், சூடாக்கிக் கேஜ் மாட்டுகிறேன். ஸ்விட்ச் மாற்ற ஒன்றரை மணி நேரமா என்று கஸ்டமர்கள் முகம் சுளிக்கிறார்கள். பல தடவை ஸ்விட்ச்தான் என்று முடிகிறது. போன வாரம் கூட்டம் அதிகம். ஒரு வண்டிக்குக் கேஜ் மாட்டாமலேயே ஸ்விட்சை மாற்றி அனுப்பினேன். நம்பரை மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன்.

வாத்தியார் எப்போதாவது போன் செய்வார். போன மாதம் காலையிலேயே கூப்பிட்டார். "தம்பி, இன்னைக்கு லைட் எரியவே இல்லை. நல்லதா, கெட்டதா?"

"சாவி போட்டதும் ஒரு தடவை எரிஞ்சுதா சார்?"

"கவனிக்கலையே."

"வண்டியை எடுக்காதீங்க, அங்கேயே இருங்க, நான் வரேன்" என்று கிளம்பினேன். பல்பு போயிருந்தது.