ஒரே வகரம்

"என் உச்சரிப்புக்காகவா, சேர்?" என்று அவன் கேட்டபோது நான் வெண்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். திரும்பாமலேயே பதில் சொன்னேன்: "இல்லை தம்பி. மூன்று பேரில் கேள்வி கேட்பவனுடைய வேலைதான் கடினம். அதற்கு உன்னை விட்டால் எனக்கு ஆளில்லை."

சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் இதற்குள் மன்னிப்புக் கேட்டு முடித்திருப்பேன்.

இங்கே பிரிட்டனில் இங்கிலிஷ் ஸ்பீக்கிங் யூனியன் என்னும் அமைப்பு பாடசாலைகளுக்காக 1960இல் தொடங்கிய ஆங்கிலப் பேச்சுப் போட்டி அது. ஒரு பாடசாலைக்கு மூன்று பேர்: தலைவர், பேச்சாளர், கேள்வியாளர். நம் பட்டிமன்றம்போல இரண்டு அணி எதிரெதிரே உட்காருவதில்லை. ஒரு பாடசாலையின் பேச்சாளர் பேசுவார்; வேறொரு பாடசாலையின் தலைவர் அவையை நடத்துவார், கேள்வியாளர் அந்தப் பேச்சைக் குடைவார். முன்பின் தெரியாத ஒரு பிள்ளையின் பேச்சை அங்கேயே கேட்டு, நொய்ந்த இடத்தைக் கண்டுபிடித்து, மரியாதை குறையாமல் அதில் விரலை வைக்க வேண்டும். மனப்பாடம் செய்து வந்தவன் அங்கே அகப்பட்டுக்கொள்வான். புள்ளித் தாளில் நான்கு பகுதிகள்: வெளிப்பாடு, காரணமும் சான்றும், ஒழுங்கமைப்பு, செவிமடுத்துப் பதிலளித்தல். உச்சரிப்புக்கென்று கட்டம் எதுவும் இல்லை. அது அன்றைக்கும் எனக்குத் தெரியும்.

பதினாறு வயதில் வாக்குரிமை என்பது எங்கள் தலைப்பு. அதைத் தேர்ந்தெடுத்தவனும் எழுதியவனும் அவன்தான். ஸ்கொட்லாந்தில் 2014 பொதுவாக்கெடுப்பில் 16 வயதுப் பிள்ளைகள் வாக்களித்தார்கள், வேல்ஸ் நாடாளுமன்றத் தேர்தலில் 2021இல் வாக்களித்தார்கள் என்பதையெல்லாம் எந்தப் பாடசாலையும் எழுதும். அவன் அதற்கு மேலும் ஒன்று எழுதியிருந்தான். இந்த நாட்டில் பெண்களுக்கு ஆண்களோடு சமமாக 21 வயதில் வாக்குக் கிடைத்தது 1928இல். மூன்றே ஆண்டுகள் கழித்து, 1931இல், இலங்கையில் சொத்தும் பார்க்காமல், எழுத்தறிவும் பார்க்காமல் ஆண் பெண் இருபாலாருக்கும் 21 வயதில் வாக்கு. சனங்களுக்கு இன்னும் பக்குவம் வரவில்லை என்று அதை எதிர்த்தவர்களில் எங்கள் பெருந்தலைவர்களே இருந்தார்கள். அந்த முதல் தேர்தலை யாழ்ப்பாணம் புறக்கணித்ததையும் எழுதியிருந்தான்; பேச்சு திசைமாறிப் போகும் என்று அதை நான் வெட்டினேன். அந்த வெட்டு சரியானதே என்று இன்றும் நினைக்கிறேன். மற்றதைப் பற்றித்தான் அப்படிச் சொல்ல முடியவில்லை.

அவன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகவில்லை. 'வோட்' என்னும் சொல் அந்தப் பேச்சில் வரிக்கு வரி வருகிறது. ஆங்கிலத்தில் அதன் முதல் எழுத்துக்கு மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். அவன் உதட்டைக் குவித்துவிடுவான். ஆங்கிலத்தின் v, w என்னும் இரண்டு ஒலிக்கும் தமிழில் ஒரே வகரம்தான். பல்லும் இதழும் இயைய வகரம் பிறக்கும் என்கிறது தொல்காப்பியம். அதன்படி பார்த்தால் இந்தச் சிக்கல் எங்களுக்கு வந்திருக்கவே கூடாது. வருகிறது. கணித ஆசிரியனான நான் ஒரு நாளைக்கு நூறு தடவை 'வேரியபிள்' என்று சொல்ல வேண்டியவன். முதல் வருடம் கடைசி வரிசைப் பையன்கள் அதை என் குரலிலேயே திருப்பிச் சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவனுக்கு வேண்டாம் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேனா, அல்லது மேடையில் கேட்கப்போவது என் குரல் என்று வெட்கப்பட்டேனா? இரண்டையும் பிரித்தெடுக்க எனக்குத் தெரியவில்லை.

பேச்சை லண்டனில் பிறந்த ஒரு மாணவிக்குக் கொடுத்தேன். "பேச்சு அணியினுடையது" என்று அவனிடம் சொன்னேன். "சரி, சேர்" என்று குறிப்பு அட்டைகளை ரப்பர் வளையம் போட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

போட்டியன்று அவள் அழகாகப் பேசினாள். மற்றப் பாடசாலையின் கேள்வியாளன் எழுந்து ஒன்றுதான் கேட்டான்: இலங்கையில் 1931இல் வாக்களித்தவர்களுக்கும் 21 வயது ஆகியிருந்ததே, அது உங்கள் வாதத்துக்கு எதிரான சான்று அல்லவா? அவள் தண்ணீர்க் கோப்பையை எடுத்தாள், குடிக்காமல் வைத்தாள், ஸ்கொட்லாந்தைப் பற்றி மறுபடி சொன்னாள். என் பக்கத்து நாற்காலியில் இருந்தவன் கேட்டும் கேட்காததுமாகத் தமிழில் சொன்னான்: "வயதுக்காகச் சொல்லவில்லை. தகுதி பார்த்துவிட்டுத்தான் தருவோம் என்றால் யாருக்கும் கிடைத்திருக்காது." அவன் அதை என்னிடம் சொல்லவில்லை. தன் முழங்காலைப் பார்த்துச் சொன்னான்.

பிறகு அவன் முறை. எதிர்ப் பாடசாலைப் பேச்சாளரின் புள்ளிவிவரம் ஒன்றை எடுத்து, அது யாரிடம் கேட்டுப் பெற்றது என்று மட்டும் கேட்டான். அடுத்த கேள்வி அந்தப் பதிலிலிருந்தே பிறந்தது. உதடு குவியத்தான் செய்தது. அரங்கில் ஒருவரும் சிரிக்கவில்லை. அன்று கேட்டவற்றில் சிறந்த கேள்விகள் அவனுடையவை என்று நடுவர் ஒருவர் சொன்னார். அடுத்த சுற்றுக்குப் போனோம்.

ஆகவே என் தெரிவு சரி. சக ஆசிரியர்களும் அப்படித்தான் சொன்னார்கள். வாரக்கணக்கில் நானும் இதைச் சொல்லித் தேற்றிக்கொண்டேன். ஆனால் அந்தத் தெரிவைச் செய்த நேரத்தில் அவன் கேள்வி கேட்டு நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவனைப் பேச்சிலிருந்து நீக்கிய பிறகுதான் அவனுக்கு எந்த இடம் பொருந்தும் என்று தேடினேன். பொருந்தியது அவன் கெட்டித்தனம்.

அடுத்த வருடம் நானாகவே பேச்சாளர் இடத்தைக் கொடுத்தேன். "கேள்வி கேட்பதுதான் கடினம் என்று நீங்கள் சொன்னீர்களே, சேர்" என்றான். குத்தலா, நம்பிச் சொன்னானா என்று முகத்தைப் பார்த்தேன். பதினாறு வயது முகத்தில் எதைக் கண்டுபிடிக்க முடியும்?

ஒன்று மிச்சம் இருக்கிறது. அட்டைகளை அவளிடம் கொடுத்த அன்று, முதல் அட்டையைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "'வோட்' வரும் இடமெல்லாம் மேலே பென்சிலால் ஏதோ ஓர் எழுத்துப் போட்டிருக்கிறதே, இது என்ன?" வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு 'வோட்'டின் தலையிலும் எள்ளளவில் ஒரு 'ப'. பல். அட்டை முழுக்க, பின்பக்கம் வரை.

"ஒன்றுமில்லை. அதை விட்டுவிட்டு வாசி" என்றேன்.