தனி ஆளாக வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது

தனி ஆள்தானே, இரண்டு பெட்டி, ஒரு டிக்கெட், கிளம்பிவிடலாம் என்றுதான் நிறுவனமும் நினைக்கிறது, போகிறவரும் நினைக்கிறார். ஆனால் முதல் மாதத்து வேலைகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வீடு பார்ப்பது, வங்கிக் கணக்கு, குடியிருப்புப் பதிவு, மின்சாரம், இணைய இணைப்பு, வரி எண். போகிறவர் ஒருவரானாலும் நால்வரானாலும் பட்டியல் கிட்டத்தட்ட அதேதான். பெரும்பாலானவை அலுவலக நேரத்தில் மட்டுமே நடக்கும். இணைய இணைப்பு கொடுக்க ஆள் வரும்போது துணையோடு வந்தவர் வீட்டில் யாராவது இருப்பார்கள். தனி ஆளுக்கு அது அரை நாள் விடுப்பு.

அதனால் வேலைக்குச் சம்மதம் சொல்லும் முன் சம்பளத்தோடு நேரத்தையும் கேட்டு வாங்க வேண்டும். குடியேறும் வேலைகளுக்காக, ஆண்டு விடுப்பில் கழிக்காத 3 முதல் 5 நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு. குறைந்தது 30 நாள் தற்காலிகத் தங்குமிடம். இடமாற்றத் தொகை தனி ஆளுக்குக் குறைவாகவே எழுதப்படும். ஒரு படுக்கையறை வீட்டின் வாடகை இரண்டு படுக்கையறை வீட்டின் வாடகையில் பாதி அல்ல என்பதைச் சொல்லியே பேசலாம். அந்தத் தொகைக்கு வரி உண்டா, வரியை யார் கட்டுவது என்றும் கேளுங்கள். சொன்ன தொகை வேறு, கைக்கு வரும் தொகை வேறு என்பது பலருக்கு முதல் சம்பளச் சீட்டைப் பார்த்த பிறகே தெரிகிறது.

ஒப்பந்தத்தில் எல்லோரும் தாண்டிப் போகும் பத்தி ஒன்று உண்டு. ஓராண்டு அல்லது இரண்டு ஆண்டுக்குள் வேலையை விட்டால் இடமாற்றச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்பது. அந்தத் தொகை மாதாமாதம் குறைந்துகொண்டே வர வேண்டும், நிறுவனமே வேலையைவிட்டு நீக்கினால் எதுவும் திருப்பித் தர வேண்டியதில்லை என்று எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். விசா அந்த ஒரு நிறுவனத்தோடு கட்டப்பட்டதா, வேலை போனால் எத்தனை நாள் அந்த நாட்டில் இருக்கலாம், திரும்பும் டிக்கெட் யார் செலவு? வீட்டில் இன்னொரு சம்பளம் இல்லாதவருக்கு இந்த மூன்றும் சம்பள எண்ணுக்குச் சமமான கேள்விகள்.

ஆவணங்களில் பாஸ்போர்ட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பல நாடுகள் உள்ளே நுழையும் நாளிலிருந்து 6 மாதமாவது செல்லுபடி கேட்கின்றன. பட்டச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு, இரு நாடுகளும் 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இருந்தால், அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஆவணம் உண்மையானது என்று அதை வழங்கிய நாட்டின் அரசு தரும் சான்று, பொதுவாகப் போதும். இல்லையென்றால் தூதரகம் வரை அலைய வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். எல்லாச் சான்றிதழிலும் பெயரின் எழுத்தும் வரிசையும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒன்றில் முதலெழுத்து, இன்னொன்றில் விரிவான பெயர் என்று இருந்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். திருமணமாகாதவர் என்ற சான்றிதழை யாரும் நினைப்பதில்லை. பின்னாளில் அங்கேயே திருமணத்தைப் பதிவு செய்ய நேர்ந்தால் அது பல நாடுகளில் தேவைப்படும். எப்போது, எங்கே வாங்குவது என்று கிளம்பும் முன்பே கேட்டு வையுங்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை, உரிமம் தந்த நாட்டில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். அசல் உரிமம் கூடவே இல்லாவிட்டால் அதற்கு மதிப்பில்லை.

மூட்டை கட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அசல் ஆவணங்களும் பவர் பேங்கும் கைப்பையில் இருக்கட்டும். வெப்பமூட்டும் மின்சாதனங்களை விட்டுவிட்டுப் போங்கள். 230 வோல்ட் நாட்டுப் பொருள் 120 வோல்ட் நாட்டில் சரியாகச் சூடாகாது, அங்குள்ளதை இங்கே செருகினால் எரிந்துபோகும்.

பணத்தில் தவறு நடப்பது பெரும்பாலும் முதல் சம்பளத் தேதியில். சம்பளப் பட்டியல் மூடிய பிறகு சேர்ந்தால் அந்த மாதச் சம்பளம் அடுத்த மாதம்தான் வரும். அதற்குள் வீட்டு முன்பணம், முதல் மாத வாடகை, கட்டில், பாத்திரம் எல்லாம் வந்து நிற்கும். முன்பணம் போக 3 மாதச் செலவு கையில் இருக்கட்டும். ஊர் வங்கியின் ஓடிபி வரும் சிம்மை அணைய விடாதீர்கள். ரீசார்ஜ் செய்யாமல் எண் போய்விட்டால் சொந்தப் பணத்தையே எடுக்க முடியாமல் நிற்க வேண்டிவரும்.

போய் இறங்கியதும் ஒரு சுழல் காத்திருக்கும். வீட்டுக்காரர் வங்கிக் கணக்கு கேட்பார், வங்கி முகவரிச் சான்று கேட்கும், மொபைல் நிறுவனம் இரண்டையும் கேட்கும். சம்பளமும் சேர்ந்த தேதியும் குறித்த நிறுவனக் கடிதம், தங்குமிடத்திலேயே முகவரியைப் பதிவு செய்ய அனுமதி, ஒரு ப்ரீபெய்ட் சிம். இந்த மூன்றும் இருந்தால் சுழல் உடையும். தற்காலிகத் தங்குமிடங்கள் பலவற்றில் முகவரிப் பதிவுக்கு அனுமதி இல்லை, முன்பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

தகுதிகாண் காலம் 6 மாதம் என்றால், இடையில் வெளியேறும் உரிமை இல்லாத 12 மாத வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். சாவி வாங்கிய அன்றே, பெட்டியைத் திறக்கும் முன், ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள். குழாயைத் திறந்து ஓடவிட்டு, குளிர்சாதனப் பெட்டியின் உள்பக்கம், அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை பிடித்த சுவர், மின் மீட்டர் எண் எல்லாம் தெரிகிற மாதிரி. அன்றிரவே வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். வெளியேறும்போது முன்பணத்தைக் காப்பது அந்தத் தேதியிட்ட மின்னஞ்சல்தான்.

அலுவலகத்தில் ஒன்றைக் கவனியுங்கள். பண்டிகை நாள் பணியும் நள்ளிரவுக் கூட்டமும் தனி ஆளைத்தான் முதலில் தேடி வரும். புது இடம், நல்ல பெயர் வேண்டும் என்று முதல் மாதத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் பிறகு அதுவே வழக்கமாகிவிடும். முறை வைத்துக்கொள்ளலாம் என்று ஆரம்பத்திலேயே பணிவாகச் சொல்வது யாரையும் புண்படுத்தாது. வாரத்தில் ஒரு மாலையாவது அலுவலகம் சாராத ஏதாவது வகுப்புக்கோ விளையாட்டுக்கோ ஒதுக்குங்கள். ஒரே ஆட்கள் வாராவாரம் வரும் இடமாக இருக்கட்டும். ஒருமுறை சந்திப்பில் நட்பு வளர்வதில்லை.

உடம்புக்கு வரும்போதுதான் தனிமை முழுதாகத் தெரியும். வழக்கமான மருந்துகளை அசல் அட்டையோடு, மருந்தின் பொதுப்பெயர் எழுதிய மருத்துவர் கடிதத்தோடு கொண்டுபோங்கள். சில தூக்க மாத்திரைகளும் கடுமையான வலி நிவாரணிகளும் சில நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டவை, புறப்படும் முன் அந்த நாட்டுத் தூதரகத்தில் விசாரியுங்கள். மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியில் தொடங்குகிறது? வேலையில் சேரும் நாள்தான் என்றால் அதுவரைக்கும் பயணக் காப்பீடு எடுங்கள். காய்ச்சல் வரும்வரை காத்திருக்காமல் முதல் மாதமே ஒரு மருத்துவரிடம் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அவசரத் தொடர்புக்கு வீட்டார் எண்ணை மட்டும் தருகிறவர்கள் அதிகம். அவர்கள் விமானம் ஏறி வர ஒரு நாளாவது ஆகும். அதே நகரத்தில் நடந்து வரும் தூரத்தில் ஒருவர் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரோ, நம்பிக்கையான சக ஊழியரோ, அவரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கி, பெயரை நிறுவனத்திடம் எழுதிக்கொடுத்து, வீட்டின் இன்னொரு சாவியை அவர் கையில் கொடுத்து வையுங்கள். இரண்டு நாள் பதில் வராவிட்டால் உள்ளே வந்து பாருங்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், சொல்லாமல் யாரும் கதவைத் திறக்கத் துணிய மாட்டார்கள்.